ராக்கு குடுவையில் கறுப்பு வெள்ளைக் கோலங்கள்: கண்மாய் மண்ணும் கடற்காற்றும் உள்ள ஊரில்

கேட்கப்பட்டது இதுதான்: தேவிபட்டினம் பக்கம் சின்னப் பட்டறை, சக்கரத்தில் வனையத் தெரியும். கண்மாய்க் களிமண்ணில் ஒரு முழம் உயரக் குடுவை வனைந்து, வெள்ளைக் கிளேஸுக்கு (சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு) நடுவே கறுப்பு முக்கோணங்களும் பட்டைகளும் வர ராக்கு முறையில், அதாவது தணலாக வெளியே எடுத்துப் புகையூட்டும் முறையில் சுட்டால், பாதிக் குடுவைகள் விரிசல் விட்டுவிடுகின்றன. தப்பித்தவற்றில் கோடு கலங்கிச் சாம்பல் நிறமாக நிற்கிறது. எங்கே பிழை, எப்படித் திருத்துவது?

முதலில் அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கறுப்பை யாரும் பூசுவதில்லை. செந்தணலாக இருக்கும் பாத்திரத்தைப் புகைக்குள் அடைக்கும்போது, கிளேஸ் மூடாத இடத்தில் மண்ணின் நுண்துளைகளுக்குள் கரி ஏறித் தங்கிவிடுகிறது. கிளேஸ் மூடிய இடத்தில் ஏற வழியில்லாததால் வெள்ளை அப்படியே நிற்கிறது. புகை நுழைய வேண்டிய இடம் எது, நுழையக் கூடாத இடம் எது என்று சூளையைப் பற்றவைக்கும் முன்பே தீர்த்துவிட்டால் கோடு கூராக வரும். மண்ணைத் தேர்வதிலிருந்து டேப் ஒட்டுவது, மூடியை அடைப்பது வரை எல்லா வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான்.

ராக்கு 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் கியோட்டோவில், தேநீர்க் குருவான சென் நோ ரிக்யூவுக்காக சோஜிரோ என்ற கைவினைஞர் செய்த கிண்ணங்களில் தொடங்கியது. அங்கே கிண்ணத்தைத் தணலாக வெளியே எடுத்து ஆறவிடுவார்கள். மரத்தூளில் புகையூட்டுவது அந்த மரபில் இல்லை. 1960இல் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற மட்பாண்டக் கலைஞர் செய்துபார்த்த பிறகுதான் புகையூட்டும் முறை ஸ்டுடியோக் கலைஞர்களிடம் பரவியது. ஆனால் மண்ணுக்குள் கரியை ஏற்றிக் கறுப்பாக்கும் வித்தை இந்தக் கரைக்குப் புதிதில்லை. வைகை கடலில் சேரும் இடத்தில் இருக்கும் அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986–87 முதல் நடத்திய அகழாய்வுகளில் கறுப்பு-சிவப்புப் பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே அடிப்பாகம் சிவப்பு. கவிழ்த்து வைத்து, காற்றுப் படாத பகுதியில் கரியேற்றிச் சுட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதே இடத்தில் கிடைத்த ரௌலட் ஓடுகளில், தட்டின் உள்ளடியைச் சுற்றிச் சுற்றிச் சின்ன முக்கோணமும் சாய்சதுரமுமாக அச்சிட்ட வளையங்கள் ஓடுகின்றன. கோலத்துக்கு மாதிரி தேடுபவர்கள் இணையத்தில் அலைவதற்கு முன் அந்த ஓடுகளைப் பார்த்துவிடலாம்.

இனி மண். உங்கள் குடுவைகள் விரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயடி வண்டல் களிமண், சக்கரத்தில் நன்றாக எழும்பும். தண்ணீர்ப் பானைக்குப் பொருத்தமானது. ஆனால் துகள் மிக நுண்மையானது, சுருக்கம் அதிகம். 950 டிகிரிச் சூட்டிலிருந்து ஒரே நொடியில் வெளிக்காற்றுக்கு வரும்போது அதன் வெளிப்புறம் சட்டென்று சுருங்குகிறது, உட்புறம் சுருங்கவில்லை. அந்த இழுவையைத் தாங்க உடம்பில் கரடுமுரடான துகள்கள் வேண்டும். விரிசல் ஒன்று கிளம்பினாலும் அடுத்த பெரிய துகளில் முட்டி நின்றுவிடும். அதற்குத்தான் குரோக் என்ற சுட்டமண் பொடியைச் சேர்க்கிறோம். எடைக் கணக்கில் பயர்கிளே (அதிகச் சூடு தாங்கும் களிமண்) 40, பால்கிளே (குழைவு தரும் வெளிர் களிமண்) 30, குரோக் 30 என்று தொடங்குங்கள். நம் மண் இருந்தே ஆக வேண்டும் என்றால் பயர்கிளே 35, பால்கிளே 25, கழுவிய கரம்பை 15, குரோக் 25. கரம்பையை இதற்கு மேல் கூட்ட வேண்டாம். குரோக் துகள் கால் மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை கலந்திருக்கட்டும். எல்லாம் மாவாக இருந்தால் பயன் பாதிதான். பயர்பிரிக்கை (சூடு தாங்கும் சூளைச் செங்கலை) இடித்துச் சலித்தும் செய்துகொள்ளலாம். ஊர்ச் செங்கலை இடித்துப் போடாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் அதோடு வந்துவிடும்.

குரோக்குக்குப் பதில் மணல் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது 573 டிகிரியில் திடீரென்று பருமன் மாறும். சூடேறும்போது ஒருமுறை, ஆறும்போது ஒருமுறை. ராக்குவில் அந்தக் கட்டத்தை நொடிகளில் கடக்கிறோம் என்பதால் மணல் கூடக்கூட ஆபத்தும் கூடும். கடற்கரை மணலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து மணலில் சிப்பி ஓடும் பவளத் துண்டும் நிறைய. சூளையில் அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கும் மண்ணைக் காசு அளவுக்குப் பெயர்த்துத் தள்ளும். குடுவை சூளையிலிருந்து நல்லபடியாக வந்து, இரண்டு வாரம் அலமாரியில் இருந்த பிறகு வெள்ளைப் புள்ளியை நடுவில் வைத்து ஓடு தெறித்தால் அது இந்தச் சுண்ணாம்பு வேலை. கண்மாய் மண்ணிலும் நத்தை ஓடு இருக்கும். தண்ணீரில் கரைத்து 60 அல்லது 80 கண் சல்லடையில் வடிகட்டாமல் எடுக்காதீர்கள்.

வடிகட்டுவதோடு உப்பையும் கழுவ வேண்டும். கரைசலை நிறையத் தண்ணீரில் ஒருநாள் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். மூன்று நான்கு முறை செய்தால் கரையும் உப்பில் பெரும்பகுதி போய்விடும். போர்த் தண்ணீர் கரிக்கிற ஊரில் அதே தண்ணீரில் கழுவிப் பயனில்லை. மழைத் தண்ணீரோ, கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீரோ வேண்டும். கிளேஸ் கரைக்கவும் இதே தண்ணீர்தான்: உவர் தண்ணீரில் கரைத்த கிளேஸ் கூழாகத் திரண்டு, தூரிகையில் திட்டுத்திட்டாக ஏறும். உப்பைக் கழுவாவிட்டால், காயும்போது அது மேற்பரப்புக்கு வந்து வெள்ளையாகப் பூக்கும். அந்த இடத்தில் கிளேஸும் பிடிக்காது, டேப்பும் ஒட்டாது, புகையும் சீராக ஏறாது. கோடு கலங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் பலரும் டேப்பின் மேலேயே பழியைப் போடுகிறார்கள்.

வடிவத்தில் முரண்டு பிடிக்காதீர்கள். 22 செ.மீ. உயரம், வயிற்றில் 19 செ.மீ. விட்டம், கழுத்தில் 9 அல்லது 10 செ.மீ. உள்ள உருண்டைக் குடுவைக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ மண் போதும். நீங்கள் சொன்ன முழ உயரம் இந்தக் கலவை கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுவர் எங்கும் 6–8 மி.மீ. ஒரே கனமாக இருக்க வேண்டும். அடியும் அதே கனம்தான். சுவர் மெலிந்து அடி தடித்திருந்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஆறி, அடியைச் சுற்றி வட்டமாக விரியும். உள்ளே அடியும் சுவரும் சேரும் இடத்தை மூலையாக விடாமல் குழிவாக உருட்டிவிடுங்கள். வாய் விளிம்பைக் கூராக இழுக்காமல் கொஞ்சம் தடிமனாக உருட்டி முடியுங்கள், ஏனென்றால் காற்று முதலில் தாக்குவது அங்கேதான். ஒட்டுப்பிடி, கைப்பிடி எதுவும் வேண்டாம்.

கரம்பையின் சிவப்பு மேலே தெரிந்தால் வெள்ளைக் கிளேஸ் பழுப்படித்துப் போகும். குடுவை பாதி காய்ந்து தோல் பதத்தில் இருக்கும்போதே சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 40, பால்கிளே 40, போராக்ஸ் ஃபிரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூள்) 20 சேர்த்த வெள்ளைக் குழம்பை இரண்டு கை பூசிவிட்டு, லேசாகக் காய்ந்ததும் கரண்டி முதுகால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இது வெள்ளைக்கு அடித்தளமாகும். குரோக் துருத்திக்கொண்டிருக்கும் பரப்பில் டேப்பின் ஓரம் முழுதாகப் படியாது என்பதால், கோட்டுக்கும் இந்த வழவழப்பு உதவும்.

காயவைப்பதில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தனிக் கவனம் வேண்டும். காற்று வரும் பக்கம் முன்னதாகக் காய்ந்து வாய் கோணிவிடும். துணியோ பாலித்தீனோ தளர்வாக மூடி, நாளுக்கு இரண்டு முறை திருப்பிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சிக்கல் வேறு: தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்தான். முதல் சூட்டை, அதாவது பிஸ்க்கை, 950–1000 டிகிரியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் உடம்பு இறுகி நுண்துளை குறைந்துவிடும். அப்போது அதிர்ச்சியைத் தாங்கும் திறனும் குறையும், கரி ஏற இடமும் குறையும். இரண்டு கெடுதலும் ஒன்றாக வரும். பிஸ்க் ஆனதும் விரல் கணுவால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது, அதை ராக்குவுக்கு எடுக்காதீர்கள்.

கோலம் போடுவதில் தொடக்கக்காரர்கள் செய்யும் தவறு, தட்டையான தாளில் வரைந்ததை அப்படியே உருண்டையில் சுற்ற நினைப்பது. வயிற்றில் 19 செ.மீ. விட்டம் என்றால் சுற்றளவு சுமார் 60 செ.மீ.; 12 பாகமாகப் பிரித்தால் பாகத்துக்கு 5 செ.மீ. கழுத்தில் சுற்றளவு 30தான், அதே 12 பாகம் அங்கே இரண்டரை செ.மீ. ஆகிவிடும். முக்கோண எண்ணிக்கையை மாற்றாமல் மேலே போகப்போகச் சுருங்கவிடலாம். அல்லது தோள்பட்டையில் அகலமான ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டு நிறுத்தி, அதற்கு மேல் வேறு எண்ணிக்கையில் தொடங்கலாம். உருண்டைக் குடுவைக்கு இரண்டாவது வழிதான் நன்றாக இருக்கும் என்பது என் தீர்ப்பு. முக்கோணம் சுருங்கிக்கொண்டே போனால் கண் கழுத்துக்கு ஓடிவிடும், வயிறு வெறுமையாகத் தெரியும். பிரிப்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு தாள்பட்டையைச் சுற்றி ஒட்டி, சரியான நீளத்தில் வெட்டி எடுத்து, மூன்றாக மடித்து, அதை இரண்டு முறை பாதியாக மடித்தால் 12 பாகம் வந்துவிடும். படுக்கைக் கோட்டுக்குச் சக்கரத்தின் நடுவில் குடுவையை வைத்து, பென்சிலை ஒரு கட்டையின் மேல் அசையாமல் ஊன்றி, சக்கரத்தை மட்டும் சுற்றுங்கள். பென்சில் கோடு சூட்டில் எரிந்துபோகும். பனையோலைப் பெட்டியிலும் பாயிலும் வரும் சாய்சதுர அடுக்கு இந்த முறைக்கு அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அது ஏற்கெனவே ஒரே அகலப் பட்டைகளால் ஆனது. டேப்பும் அப்படித்தான் ஓடும்.

டேப்பாக, பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பை நேர்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, இரும்பு அளவுகோலும் பிளேடுமாக 3 மி.மீ. பட்டைகளாகக் கீறி எடுக்கலாம். வளைவில் காகித டேப் சுருங்கி மடிப்பு விழும், அந்த மடிப்பின் வழியே கிளேஸ் உள்ளே போய்விடும். அங்கே வண்டிக்குக் கோடு போடப் பயன்படும் வினைல் டேப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டும் முன் ஈரப் பஞ்சால் தூசியைத் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். ஒட்டியபின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். 2 மி.மீட்டருக்குக் குறைவான கோட்டை எதிர்பார்க்காதீர்கள். கிளேஸ் உருகும்போது ஓரங்கள் கொஞ்சம் நகர்ந்து கோட்டைத் தின்றுவிடும். 3 மி.மீ. டேப் வைத்தால் கடைசியில் இரண்டு அல்லது இரண்டரை நிற்கும்.

கிளேஸ்: ஈயம் இல்லாத போராக்ஸ் ஃபிரிட் 85, சைனா கிளே 15, அதற்கு மேல் வெள்ளையாக்கும் ஸிர்கோனியம் சிலிகேட் 8 முதல் 10. இது தொடக்கக் கணக்குதான். ஃபிரிட் ஒவ்வொரு தயாரிப்பிலும் உருகும் சூடு மாறும் என்பதால் அதே மண்ணில் செய்த சின்ன ஓட்டுத் துண்டுகளில் சுட்டுப் பார்த்துவிட்டுக் குடுவைக்குப் போங்கள். உருகவில்லை என்றால் சைனா கிளேயை 10 ஆக்குங்கள். வழிகிறது என்றால் 18 வரை கூட்டுங்கள். சோடா மிகுந்த ஃபிரிட்டைக் கொஞ்சம் சேர்த்தால் மேற்பரப்பில் வெடிப்புக் கோடுகள் அதிகமாகும். 100 கிராம் பொடிக்குச் சுமார் 85 மில்லி தண்ணீர். 80 கண் சல்லடையில் இரண்டு முறை வடிகட்டியபின் 100 மில்லி கரைசல் 150 கிராம் அளவில் இருந்தால் பதம் சரி. பொடியைக் கையாளும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். சிலிகாத் தூசி நுரையீரலை விட்டுப் போகாது.

அகலத் தூரிகையால் மூன்று கை: ஒன்று படுக்கையாக, ஒன்று நெடுக்காக, ஒன்று மறுபடி படுக்கையாக. மொத்தக் கனம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். ஊசியால் குத்திக் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெலிந்தால் புகை கிளேஸ் வழியாகவே ஏறி வெள்ளை அழுக்காகும். தடித்தால் ஓரம் கீழே வழிந்து, படுக்கைக் கோட்டின் மேல்பக்கம் கலங்கும். டேப்பை உரிக்கும் நேரம்தான் கோட்டின் தலைவிதி. கிளேஸின் ஈரப் பளபளப்பு போய், தொட்டால் விரலில் ஒட்டாத அந்த நேரத்தில், டேப்பை அதன் மேலேயே மடக்கித் தாழ்வாக இழுங்கள். கச்சான் காற்றில் அந்த நேரம் ஐந்தாறு நிமிடத்திலேயே வந்துவிடும். வாடைக்காலத்தில் அரைமணி ஆகலாம். முழுதாகக் காய்ந்தபின் உரித்தால் ஓரம் பொரிந்து பெயரும். விட்டுப்போன துணுக்குகளை ஊசியாலும் ஈரத் தூரிகையாலும் துடைத்தெடுங்கள். டேப் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிளேஸ் படலம் தங்கினாலே அங்கே கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் வரும். நீங்கள் சொன்ன கலங்கல் இதுவாகவும் இருக்கலாம். கடைசியாக, அடியிலிருந்து அரை செ.மீ. வரை கிளேஸே இருக்கக் கூடாது. இடுக்கி பிடிக்கப்போகும் இடத்தையும் இப்போதே முடிவு செய்து, அது கறுப்புப் பட்டைக்குள் வரும்படி கோலத்தை அமைத்துவிடுங்கள்.

சூளைக்கு 200 லிட்டர் இரும்பு டிரம்மை 60 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, கவிழ்த்துத் தூக்கும் கூடாகச் செய்துகொள்வது வசதி. உள்ளே 25 மி.மீ. செராமிக் ஃபைபர் போர்வை இரண்டு அடுக்கு. 1260 டிகிரி தாங்கும் ரகம் போதும். அதைக் கட்ட ஜி.ஐ. கம்பி வேண்டாம். துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைந்து நெஞ்சைக் கெடுக்கும், கடற்காற்றில் துருவும் பிடிக்கும். நைக்ரோம் கம்பியும் சுட்டமண் பொத்தானும் போடுங்கள். மேலே 12 செ.மீ. புகைத்துளை, பக்கத்தில் கீழே பர்னருக்கு 10 செ.மீ. துளை, தரையில் பயர்பிரிக் இரண்டு வரிசை. எரிவாயுவுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரும் உயர் அழுத்த ரெகுலேட்டரும். சிலிண்டர் நிமிர்ந்து, சூளையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தீயின் வேகம் திடீரென்று குறைந்தால் சிலிண்டர் உறைகிறதா என்று பாருங்கள். வெளியே பனி பூத்திருந்தால் அதன் அளவுக்கு மேல் வாயுவை இழுக்கிறீர்கள் என்று பொருள்.

இந்தக் கரையில் சுடுவதற்கு ஏற்ற வேளை விடியற்காலை. கடற்காற்று எழும்புவது முற்பகலில்தான், அதற்குள் முடித்துவிடலாம். தணலின் நிறமும் மங்கிய வெளிச்சத்தில் சரியாகத் தெரியும், நடுப்பகல் வெயிலில் 900 டிகிரியும் 1000 டிகிரியும் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். பாம்பன் பக்கம்போல எந்நேரமும் காற்றடிக்கும் இடமானால் தகரத்தால் இடுப்பளவுத் தடுப்பு வையுங்கள். சிலிண்டரை அதற்குள் அடைக்காதீர்கள். கீற்றுக் கொட்டகை, காயும் வலை, டீசல் கேன் எதுவும் காற்றுப்போக்கில் இருக்கக் கூடாது. மணல் வாளியும் தண்ணீர் வாளியும் கையெட்டும் தூரத்தில் வேண்டும். பருத்தி உடை, தோல் செருப்பல்ல தோல் ஷூ, வெல்டிங் கையுறை, முகத்துக்குத் தடுப்பு. பாலியஸ்டர் உடையில் நெருப்பின் பக்கம் போகவே கூடாது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கிளேஸ் பூசிய குடுவை தண்ணீர் குடித்திருக்கும். முதல் இருபது நிமிடம் மிகச் சிறிய தீ. புகைத்துளையின் மேல் கண்ணாடித் துண்டைக் காட்டிப் பாருங்கள், அதில் ஆவி படிவது நிற்கும்வரை தீயைக் கூட்டாதீர்கள். அடுத்த இருபத்தைந்து நிமிடத்தில் 600க்குக் கொண்டுபோய், பிறகு தாராளமாகக் கூட்டலாம். மொத்தம் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி. கே வகைத் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது கிளேஸ்தான். 900ஐ நெருங்கும்போது கிளேஸ் கொப்புளித்து ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். 950–980இல் கொப்புளம் அடங்கி, ஈரக் கண்ணாடிபோல மின்னும். பர்னர் துளையின் தீ அதன் மேல் அலையலையாகத் தெரிந்தால் ஐந்து நிமிடம் அங்கேயே வைத்து அணையுங்கள். கொப்புளம் அடங்கும் முன் எடுத்தால் குழிகளில் கரி நுழைந்து வெள்ளை முழுக்கப் புள்ளி விழும்.

இதற்கு மேல் நடப்பதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஒருவர் கூட்டைத் தூக்க, ஒருவர் முக்கால் மீட்டர் நீள இடுக்கியால் குடுவையை எடுக்க, ஒருவர் மூடியோடு நிற்க வேண்டும். வெறும் பாத்திரத்தில், தீயில்லாமல், இதை மூன்று முறை ஒத்திகை பாருங்கள். எடுத்ததும் காற்றில் 10 முதல் 20 நொடி நிறுத்துங்கள். மெல்லிய கிண் கிண் சத்தம் கேட்கும்: கிளேஸ் வெடிப்புக் கோடு விடுகிறது, கூடவே இறுகவும் செய்கிறது. இறுகாமல் உள்ளே வைத்தால் மரத்தூள் கிளேஸில் புதைந்து ஒட்டிக்கொள்ளும். காத்திருப்பு நீண்டுவிட்டால் கோடுகளுக்குக் கறுப்பு ஏறும் சூடு போய்விடும். கோலத்தில் கூரிய முக்கோணங்கள் இருந்தால் பத்து நொடியோடு நிறுத்துங்கள். வெடிப்புக் கோடும் கோலக் கோடும் சம வலுவில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

புகைத் தொட்டியாக 40 லிட்டர் அளவுள்ள, இறுக்கமான மூடியுள்ள சாதா இரும்பு டிரம். அடியில் ஐந்து செ.மீ. உலர்ந்த மரத்தூள், மேலே பனையோலைச் சருகு. குடுவையை வைத்து, சுற்றிலும் இரண்டு கைப்பிடி சருகு போட்டு, தீ பற்றி மூன்று நான்கு நொடி எரிந்ததும் மூடி, விளிம்பைச் சுற்றி ஈர மணல் கொட்டி அடைத்துவிடுங்கள். சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு இந்த நியாயம் தெரியும்: ஊசித் துளையளவு காற்று உள்ளே போனாலும் கரி சாம்பலாகிவிடும். இங்கேயும் மூடியின் கசிவுதான் கறுப்பைச் சாம்பல் நிறமாக்குகிறது. காற்று பட்ட பக்கத்தில் ஏறிய கரி மறுபடி எரிந்துபோய்விடும். அரைமணி முதல் முக்கால் மணி வரை திறக்கவே வேண்டாம்.

எதைப் புகைய வைப்பது என்பதிலும் ஊருக்கேற்ற எச்சரிக்கைகள் உண்டு. கரித்தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டால் புகையே வராது. மூட்டத்தில் அதன் புகை ஏற்கெனவே போய்விட்டது. படகு கட்டும் இடத்து மரத்தூளில் பெயின்ட்டும் ஃபைபர் படகு அறுத்த தூளும் கலந்திருக்கும், அதன் புகை விஷம். மர அறுவை மில்லில் நேராக வாங்குங்கள். கரையொதுங்கிய கடற்புல் உப்பால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புகைக்குப் பதில் நீராவிதான் கிளம்பும். தென்னைநார்த் தூளிலும் இதே குறை. மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, காற்று வரும் பக்கம் நில்லுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு இருக்கும், முகக்கவசம் அதைத் தடுக்காது.

விரிந்த குடுவையைத் தூக்கி எறியும் முன் விரிசலைப் படியுங்கள். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருண்டு உள்ளே இறங்கியிருந்தால், கிளேஸ் உருகும் முன்பே விரிந்துவிட்டது: பிஸ்க்கில் குறை, அல்லது தொடக்கத் தீ வேகம். ஓரம் கூராக, உட்பக்கம் கறுப்பாக இருந்தால் வெளியே எடுக்கும்போது விரிந்திருக்கிறது: மண்ணில் குரோக் போதவில்லை, காற்று அடித்தது, அல்லது இடுக்கி சில்லென்று பட்டது, இடுக்கி முனையைத் தீயில் காட்டிச் சூடேற்றிவிட்டுப் பிடியுங்கள். ஓரம் கூராக, உட்பக்கம் கரியில்லாமல் சுத்தமாக இருந்தால் புகைக்குப் பிறகு, ஆறும்போது விரிந்தது: தொட்டியைச் சீக்கிரம் திறந்திருக்கிறீர்கள், அல்லது தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள். அடியில் எஸ் வடிவ விரிசல் என்றால் வனையும்போது அடியை அழுத்தி இறுக்காததே காரணம், சூளையைக் குறை சொல்ல வேண்டாம். கோடு வெளிறியிருந்து குடுவை முழுதாக இருந்தால் நட்டமில்லை. மறுபடி மெதுவாகச் சூடேற்றி, 950க்குக் கொண்டுபோய், இன்னும் இறுக்கமாக மூடிப் புகையூட்டலாம்.

தாளில் பேனாவால் இழுத்ததுபோல ஒரு மில்லிமீட்டர்க் கோடுதான் வேண்டும் என்றால் டேப்பால் ஆகாது, நேக்கட் ராக்கு முறைக்குப் போக வேண்டும். வழவழப்பாகத் தேய்த்த பிஸ்க்கின் மேல் பயர்கிளே 50, சைனா கிளே 30, அலுமினா 20 கலந்த குழம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, அதன் மேல் கிளேஸ் பூசி, இரண்டையும் ஊடுருவி மண் தெரியும்வரை ஊசியால் கீறி, 850 டிகிரி அளவில் சுட்டுப் புகையூட்டுவார்கள். ஆறியதும் மேலோடு முழுவதும் உரிந்து வந்துவிடும், கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். சூடு அதிகமானால் மேலோடு உடம்போடு ஒட்டிக்கொண்டு வராது. சாய்சதுர வலைகளுக்கு இதைவிடக் கூர்மையான வழி இல்லை.

எல்லாம் முடிந்ததும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் நாரும் போட்டு நல்ல தண்ணீரில் கிளேஸின் மேலுள்ள புகைக்கறையைத் தேய்த்துக் கழுவுங்கள். கடல் தண்ணீரில் ஒருபோதும் நனைக்காதீர்கள். நுண்துளை உப்பைக் குடித்துவிட்டால், கறுப்புக் கோட்டின் மேலேயே மாதக்கணக்கில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருக்கும். அப்படி ஆனதை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பூப்பது நிற்கும்வரை தினமும் தண்ணீரை மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கறுப்புப் பகுதிகளுக்கு மட்டும் தேன்மெழுகு தேய்த்தால் நிறம் ஆழமாகும். செம்பு கார்பனேட் சேர்த்து செந்நிற மினுக்கம் கொண்டுவரும் ஆசை இருந்தால், கடலோரக் காற்றில் அந்த மினுக்கம் பச்சையாகவும் மங்கலாகவும் திரும்பும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. மெழுகு பூசினாலும் இது தண்ணீர் தாங்கும் பாத்திரம் ஆகாது, சோறும் மோரும் வைக்கவும் கூடாது. கிளேஸ் மென்மையானது, உடம்பு கசியும். பூ வைக்க வேண்டுமென்றால் உள்ளே கண்ணாடிக் குப்பி ஒன்றை இறக்கிக்கொள்ளலாம்.